டாலர் - 1

தேவகோட்டைக் கிளையில்
நகை மதிப்பிடுவது என் வேலை.
பதினாறு வருஷமாகக் கழுத்துகளைப் பார்த்ததில்லை,
கழுத்திலிருந்து கழன்றதைத்தான்.

செம்பாயி, கண்டனூர்ப் பக்கம்.
சோப்பு டப்பாவைத் திறந்து கவுண்டரில் கவிழ்த்தாள்.
மஞ்சள் கயிற்றில் ஒற்றைக் காசு.
"மக நர்ஸிங் ரெண்டாம் வருஷம்.
திங்கக்கெழம கடைசி நாளு."

நாணயம் அடகு பிடிக்கக் கூடாது, கம்பெனி விதி.
ஆனால் எந்தக் காலத்து ஆசாரியோ
உச்சியில் ஒரு கண்ணி பற்றவைத்திருந்தான்.
கண்ணி இருந்தால் நகை.
அரிசி எடைப் பொன்னில்
ஒரு பேரரசு டாலராகிவிட்டது.

லென்ஸை வைத்தேன்.
ஒரு பக்கம் ஆண் தலை, இலைக் கிரீடம்,
கழுத்துக்குக் குறுக்கே உளிவெட்டு.
மறுபக்கம் நாற்காலியில் ஒருத்தி,
கையில் சின்னத் தட்டு.
எதிரே பீடத்தைச் சுற்றி எழுந்த பாம்பு
தட்டுக்கு வாய் நீட்டுகிறது.
அவளுக்கு அவசரமில்லை.
பாம்புக்கும்.

"இது யாரு?"
"நாகம்மா. செவ்வாக்கெழம பாலு தொட்டு வப்போம்."
"அந்தப் பக்கம்?"
"அவரு யாரோ. நெஞ்சுல படுற பக்கம்."

உரைகல்லை எடுத்தேன்.
எங்கே உரைப்பது?
மடியிலா, தட்டிலா, பாம்பின் வயிற்றிலா?
விளிம்பென்றால் அந்தப் புள்ளிவரிசை போய்விடும்.
அப்போதுதான் வெட்டை மறுபடி பார்த்தேன்.
கோபத்தில் வெட்டியதில்லை.
கோபம் இரண்டு தரம் வெட்டும்.
இது ஒரே தட்டு, அளந்து,
உள்ளேயும் பொன்தானா என்று பார்க்க.
என் வேலையை எவனோ முடித்துவிட்டுப் போயிருக்கிறான்,
ஆசிட் இல்லாமல், லென்ஸ் இல்லாமல்,
தொண்டிக் கரையிலோ எங்கேயோ வெயிலில் குந்தி,
பக்கத்தில் ஒருவன் புரியாத பாஷையில்
நல்ல காசுதான் நல்ல காசுதான் என்று
சத்தியம் செய்துகொண்டிருக்க.

வெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.
அடிவரை மஞ்சள்.
கல்லைப் பெட்டியில் வைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன்.
ரோமாபுரிக் காசு, அபூர்வம் என்றது.
அவள் பெயருக்கு அர்த்தம் நலம் என்றது.
இன்லேண்ட் லெட்டரில் முதல் வரி எழுதுவோமே,
இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்,
அந்த நலம்.
யாருக்கு எழுதியதோ,
கண்மாய் மண்ணில் பிரிக்காமல் கிடந்து
செம்பாயி வீட்டில் வந்து சேர்ந்திருக்கிறது.

பெஞ்சில் இருந்தவளிடம் சொன்னேன்:
"வித்தா இதப் போல பல மடங்கு வரும்."
"விக்க வரல," என்றாள்.
"தங்கத்துக்கு என்ன உண்டோ அத மட்டும் குடுங்க."

விவரம்: டாலர் - 1.
எடை: 8.150.
கழிவு: இல்லை.
குறிப்பு: காலியாக விட்டேன்.

ஆடி மாதம் ஆடிட்டர் குரியன் வந்தார், கோட்டயத்துக்காரர்.
அவர் ஊர் மிளகுக்குத்தான்
இவள் முதலில் கப்பலேறியிருக்க வேண்டும்.
இருவருக்கும் அது ஞாபகமில்லை.
"உரைத்த அடையாளம் எங்கே?"
வெட்டைக் காட்டினேன்.
"இது யார் போட்டது?"
"சீனியர், சார்."
டிக் அடித்துவிட்டு அடுத்த பாக்கெட்டைப் பிரித்தார்.

தை முடிந்து செம்பாயி வந்தாள்,
அசலும் வட்டியும், எல்லாம் இருநூறு ரூபாய்த் தாள்.
தராசில் வைத்தேன்.
8.140.

"குறையுதே," என்றாள்.
திட்டவில்லை. எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதினாறு வருஷத்தில் என் காது இப்படிச் சுட்டதில்லை.
பாக்கெட்டைத் தலைகீழாகத் தட்டினேன்.
மூலையில் பொடிப்பொடியாக
நாகம்மா மடியிலிருந்தும் பாம்பின் மடிப்பிலிருந்தும்
காய்ந்து உதிர்ந்த மஞ்சள்.
விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
கடுதாசி மடித்து ஒரு தூசி விடாமல்
தட்டில் சரித்தேன்.

8.146.
8.149.
அவளும் நானும் மூச்சு விடவில்லை.